முகத்தில் தெரியாத சேதம்

சியாபு, அதாவது மெத்தம்பெட்டமின், அடிக்கிறவன் எப்படி இருப்பான் என்று எல்லோரும் மனத்தில் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். கன்னம் ஒட்டி, பல் கறுத்து, சொறிந்த புண் முகமெல்லாம் பரவி, கண் உள்ளே போன ஒருவன். அந்தப் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2004இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மல்ட்னோமா மாவட்ட ஷெரிப் அலுவலகம், மெத்தம்பெட்டமின் பழக்கத்தோடு திரும்பத் திரும்பச் சிறைக்கு வந்தவர்களின் பழைய முகத்தையும் புதிய முகத்தையும் அருகருகே வைத்து வெளியிட்டது. அந்த மாதிரிப் படங்கள் உலகமெல்லாம் சுற்றின. மலேசியாவில், கிள்ளானில் எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் நடந்த போதைப்பொருள் எதிர்ப்புக் கண்காட்சியிலும் ஒட்டியிருந்தார்கள்.

நான் அவற்றைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு நிம்மதியாக வெளியே வந்திருக்கிறேன். என் முகம் அப்படி ஆகவில்லையே! நான் லோரி ஓட்டினேன், வீட்டு வாடகை கட்டினேன், தைப்பூசத்துக்குப் பத்துமலை போனேன், பிள்ளைகளின் பள்ளிக் கூட்டத்துக்குப் போய் ஆசிரியரிடம் பேசினேன். கண்ணாடியில் கொஞ்சம் மெலிந்த ஒரு மனிதன்தான் தெரிந்தான். உள்ளே என் இதயத் தசை வருடக்கணக்காகக் கெட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் போஸ்டர் இல்லை. இப்போது நான் எழுதுவது அந்தப் போஸ்டரில் இல்லாததைத்தான்.

ஆரம்பம் வேலையில். கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றி, தாய்லாந்து எல்லையில் புக்கிட் காயு ஹீத்தாம் வரை ஓட்ட வேண்டும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். அடிப்படைச் சம்பளம் பெயருக்குத்தான். டிரிப்புக்குத்தான் காசு. துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது, தூங்குகிற நேரத்துக்கும் கிடையாது. ஈப்போ தாண்டி மேனோரா சுரங்கத்துக்கு ஏறும் மலைப்பாதையில், பாரம் முழுக்க இருக்கும்போது, ஒரு வினாடி கண் மூடினாலும் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஓய்விடத்தில், பல வருட அனுபவமுள்ள அண்ணன் ஒருவர் என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இப்படியே ஓட்டினா செத்துப் போயிருவே. ரெண்டு இழுப்பு இழு. காலையில வரைக்கும் கண்ணு மூடாது." அவர் கெட்டவர் இல்லை. என் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் கொடுத்தார். இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் இது கேளிக்கையாக நுழையவில்லை, வேலை செய்வதற்கான சாமானாக நுழைந்தது.

அன்று இரவு தூக்கம் போனது மட்டும் இல்லை. பசி போனது, முதுகு வலி போனது, கடன் கவலை போனது. உலகத்தில் என்னால் முடியாதது ஒன்றுமில்லை என்று தோன்றியது. பிறகு எனக்கு விளக்கினார்கள்: மூளையில் டோபமின் என்று ஒரு ரசாயனம், நாம் சாப்பிடும்போதும் பிள்ளையைத் தூக்கும்போதும் கொஞ்சமாகச் சுரக்கிறது. விலங்குகளில் அளந்து பார்த்தபோது, நல்ல உணவு அதை ஒன்றரை மடங்காக உயர்த்துகிறது, மெத்தம்பெட்டமின் பத்து மடங்கு வரை கொண்டுபோகிறது. சேர்த்து வைத்த டோபமினை நரம்பு செல்லுக்குள்ளிருந்து வெளியே தள்ளுகிறது, திரும்ப உள்ளே போகவும் விடாமல் பிடிக்கிறது. கொக்கேய்ன் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். இதுவோ உடம்பிலிருந்து பாதி வெளியேறவே 10, 12 மணி நேரம் எடுக்கும். ஆகவே அந்த இரவு எனக்குக் கிடைத்த பலம் வெளியிலிருந்து வந்ததில்லை. முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கிச் செலவழிப்பது போல, என் உடம்பின் வரப்போகும் நாட்களிலிருந்து எடுத்தது.

இது எங்கள் லோரிக்காரர்கள் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1893இல் ஜப்பானில் நாகாய் நாகயோஷி என்ற வேதியியலாளர் இந்தப் பொருளை முதலில் உருவாக்கினார். 1938இல் ஜெர்மனியின் டெம்லர் நிறுவனம் 'பெர்விட்டின்' என்ற பெயரில் மாத்திரையாக விற்றது, போரில் சிப்பாய்களுக்கும் டாங்கி ஓட்டுநர்களுக்கும் விமானிகளுக்கும் கொடுத்தார்கள். ஜப்பானில் 'பிலோபோன்' என்ற பெயரில் சிப்பாய்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் போனது. போர் முடிந்து மிச்சச் சரக்கு ஊருக்குள் பரவி, ஏராளமானோர் அடிமைப்பட்டு, 1951இல் தனிச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மனித உடம்பு தாங்காத நேரம் வேலை வாங்க வேண்டும் என்று யாரோ நினைத்த இடத்திலெல்லாம் இந்தப் பொருள் போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்று மியான்மாரின் ஷான் மாநிலத்து மலைகளில் காய்ச்சி எங்கள் பக்கம் இறக்குகிறார்கள். 2023இல் கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பிடிபட்டது மட்டும் 190 டன் என்று ஐ.நா. கணக்குச் சொல்கிறது. பிடிபடாமல் போனதில் ஒரு துளி என் நெஞ்சுக்குள் போனது.

முதலில் கெட்டது தூக்கம். பிறகு நிதானம். மருந்து ஏறியிருக்கும்போது ஓட்டுவது ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதைவிட ஆபத்து அது இறங்கும் நேரம். பிடித்து வைத்திருந்த தூக்கமெல்லாம் ஒரே அடியாக வந்து விழும், கண் திறந்தபடியே மூளை அணைந்துவிடும். தாப்பா பக்கத்தில் ஒரு தடவை சாலையோரத் தடுப்பை உரசிய சத்தத்தில்தான் விழித்தேன்.

அடுத்து வந்தது சந்தேகம். என் லோரிக்குப் பின்னால் ஒரு வெள்ளை புரோட்டோன் சாகா கார் வருகிறது. ஓய்விடத்தில் நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. மறுநாள் வேறொரு வெள்ளை சாகா. இந்த நாட்டில் வெள்ளை சாகாவுக்கா பஞ்சம்? ஆனால் அப்போது அப்படித் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடச் சரியில்லை, எனக்கு நிச்சயமாகத் 'தெரிந்தது'. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியுமோ அப்படி. வீட்டில் மனைவியின் போனை எடுத்துச் சோதித்தேன், கூரைக்குள் யாரோ நடப்பதாகச் சொல்லி நள்ளிரவில் ஏணி வைத்து ஏறினேன். சின்ன மகள் கீழே நின்று, "அப்பா, அங்க ஒண்ணும் இல்லப்பா" என்று அழுதாள். அவள் குரலும் எனக்கு எதிரான ஏற்பாட்டில் ஒன்றாகவே பட்டது. இதைப் பயன்படுத்துகிறவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு இப்படிப்பட்ட மனப்பிறழ்வு அறிகுறிகள் வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பலருக்கு நிறுத்தினால் சில நாட்களில், வாரங்களில் அடங்கிவிடும். சிலருக்கு அடங்குவதில்லை. எனக்கு அடங்கியது. என் மகள் ஏணியைப் பார்த்தால் முகம் மாறுவது இன்னும் அடங்கவில்லை.

பல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் போஸ்டர்கள் அதை நிறையச் சொல்லிவிட்டன. எச்சில் வற்றும், தாடை தன்னால் அரைக்கும், வாய் காய்வதால் இனிப்புப் பானமாகக் குடிப்போம், பல் தேய்க்கும் நினைவே இருக்காது. லாஸ் ஏஞ்சலஸில் 571 பேரைச் சோதித்த ஒரு பல்கலைக்கழக ஆய்வில் 96 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. எனக்குக் கடைவாய்ப் பற்கள்தான் போயின. சிரித்தால் தெரியாது. அதனால் அதுவும் என்னை எச்சரிக்கவில்லை.

இனி இதயம். முதல் அடையாளம் படிக்கட்டில். மூன்றாவது மாடியில் வீடு. ஒரு மாடி ஏறியதும் நின்றேன். வயசாகிறது, சிகரெட்டைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்போது எனக்கு 40 கூட முடியவில்லை. பிறகு ராத்திரி படுத்தால் இருமல். தலையணை ஒன்று போதவில்லை, இரண்டு வைத்தேன், அப்புறம் நாற்காலியில் சாய்ந்தே தூங்கினேன். சாப்பிட்டால் வயிறு கனத்தது. 'கேஸ்ட்ரிக்' என்று கடையில் மருந்து வாங்கிக் குடித்தேன். காலணிக்குள் கால் நுழையவில்லை. காலுறையை அவிழ்த்தால் அதன் கோடு கணுக்காலில் குழியாக நின்றது. நெடுநேரம் உட்கார்ந்து ஓட்டுவதால் வரும் வீக்கம் என்று சொல்லிக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. இவை எல்லாம் ஒரே நோயின் அறிகுறிகள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சியாபுக்கும் மூச்சு வாங்குவதற்கும் தொடர்பு உண்டு என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அந்தக் களைப்பை விரட்ட என் கையில் ஒரு வழி இருந்தது. இன்னும் இரண்டு இழுப்பு. எது இதயத்தைக் கெடுத்ததோ, அதைக் கொண்டே கெட்ட இதயத்தை ஓட்டினேன்.

ஒரு விடியற்காலை மூச்சே உள்ளே போகவில்லை. வாயில் இளஞ்சிவப்பு நுரை. தண்ணீருக்குள் மூழ்குகிறவன் போல் கையை ஆட்டினேன் என்று மனைவி சொல்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் காரில் அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஆக்சிஜன் முகமூடி, நீரை இறக்க ஊசி. மறுநாள் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்த இளம் டாக்டர், தமிழ்ப் பெண், திரையை என் பக்கம் திருப்பினார். "அங்கிள், இதயம் ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் உள்ளே இருக்கிற ரத்தத்துல பாதிக்கு மேல வெளியே தள்ளணும். உங்களுக்கு 20 விழுக்காடுதான் போகுது." திரையில் ஒரு தளர்ந்த பை மெல்ல அசைந்தது. ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை, சர்க்கரை நோய் இல்லை. அவர் கட்டில் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டு, குரலைத் தணித்து, "ஏதாவது எடுக்கிறீங்களா? போலீஸுக்குச் சொல்றதுக்காகக் கேக்கல. உங்களுக்கு என்ன மருந்து கொடுக்கணும்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

நான் சொன்னேன். வருடக்கணக்கில் முதல் தடவையாக ஒருவரிடம் உள்ளபடி சொன்னேன்.

அவர் விளக்கியது இதுதான். மெத்தம்பெட்டமின் டோபமினோடு சேர்த்து நோரெட்ரினலினையும் கொட்டுகிறது. அபாயத்தில் ஓடுவதற்காக உடம்பு வைத்திருக்கும் ரசாயனம் அது. சில நிமிடங்கள் சுரந்து நிற்க வேண்டியது, என் உடம்பில் இரவு முழுக்க, வாரக் கணக்காக, வருடக் கணக்காகச் சுரந்தது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறியபடியே இருந்தன. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கின. தசை செல்கள் செத்து, அந்த இடத்தில் சுருங்கத் தெரியாத தழும்பு வளர்ந்தது. பலம் இழந்த சுவர் விரிந்தது. விரிந்த இதயத்தால் தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலிலும் காலிலும் நீராகக் கசிந்தது. என் 'கேஸ்ட்ரிக்' என்பது ரத்தம் தேங்கி வீங்கிய ஈரல். முழுக்க நிறுத்தினால் இதயம் ஓரளவு மீள வாய்ப்பு உண்டு என்றும், நிறுத்தாவிட்டால் எந்த மாத்திரையும் உதவாது என்றும் சொன்னார். ஜெர்மனியில் லைப்சிக் மருத்துவர்கள் இப்படி இதயம் கெட்ட 30 பேரைப் பார்த்து 2017இல் எழுதியிருக்கிறார்கள். நீண்ட காலம் எடுத்தவர்களுக்குத் தழும்பு அதிகம். நிறுத்தியவர்களுக்குத்தான் இதயம் குறிப்பிடத்தக்க அளவு தேறியது.

நிறுத்துவது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களில் சிலர் ஹெரோயினில் விழுந்தவர்கள். அவர்களுக்கு 2005 முதல் மலேசியாவில் மெத்தடோன் என்ற மாற்று மருந்து கிடைக்கிறது. தினம் போய்க் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். சியாபுக்கு அப்படி ஒரு மருந்து, உறுதியாக நிரூபிக்கப்பட்டு அங்கீகாரம் பெற்றதாக, இன்றுவரை இல்லை. முதல் நாட்கள் தூக்கமும் பசியும்தான். எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி விழுவேன். அது கஷ்டமில்லை. அதற்குப் பிறகு வந்தது கஷ்டம். எதுவும் இனிக்கவில்லை. மகள் வந்து மடியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது, அவ்வளவுதான். மீன் கறி வாசனைக்கு நாக்கு ஊறவில்லை. உயிரோடு இருப்பதில் என்ன இருக்கிறது என்ற நினைவு அடிக்கடி வந்தது. இது வரும் என்று டாக்டர் முன்கூட்டியே மனைவியிடம் சொல்லி, என்னைத் தனியாக விடாதீர்கள் என்று எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், அந்தக் காலத்தில் அவர் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். சோம்பேறித்தனம் என்று திட்டக் கூடாது.

அப்போது எனக்கு உதவியது, கேட்டால் வியப்பாக இருக்கும், ஓர் ஆராய்ச்சிச் செய்தி. ஆலோசகர் ஒருவர் சொன்னது. நோரா வோல்கோ என்ற அமெரிக்க மருத்துவர் 2001இல் வெளியிட்ட ஆய்வு. மெத்தம்பெட்டமின் பழக்கம் இருந்தவர்களின் மூளையில் டோபமினை மீட்டெடுக்கும் கடத்திகள் குறைந்திருந்தன. ஓர் ஆண்டுக்கும் மேல் முழுக்க விலகியிருந்தவர்களைத் திரும்பப் படமெடுத்தபோது அவை கணிசமாக உயர்ந்திருந்தன. நினைவாற்றலும் கை வேகமும் மட்டும் அதே அளவுக்குத் திரும்பவில்லை. இந்தச் செய்தியில் இருந்த காலக்கெடு எனக்குப் பிடிகொம்பாயிற்று. 'மன உறுதி வேண்டும்' என்று சொன்னவர்கள் என்னை நொறுக்கினார்கள். 'ஒரு வருடத்துக்கு மேல் எதுவும் இனிக்காது போலத் தோன்றலாம், அது உன் மூளை பழுது பார்க்கப்படும் காலம்' என்று சொன்னவர் எனக்கு நாட்களை எண்ணக் கற்றுக்கொடுத்தார். வேறு நாடுகளில் சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசுச் சீட்டுக் கொடுக்கும் சிகிச்சைதான் இதற்கு அதிகப் பலன் தந்திருக்கிறது. குடிமகனுக்குச் சட்டத்தை மதிக்கப் பரிசா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எதுவும் இனிக்காத மூளைக்குக் கண்ணெதிரே ஓர் இனிப்பு வேண்டியிருக்கிறது. எனக்கு என் மனைவி அதைச் செய்தாள். ஒவ்வொரு சுத்தமான சோதனைக்கும் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், சம்பலும் முட்டைப் பொரியலுமாக. ஒரு நாள், பல மாதங்கள் கழித்து, அந்தச் சம்பல் உறைத்தது. நான் அழுதுவிட்டேன்.

எனக்கு முதல் இழுப்பைக் கொடுத்த அண்ணன் மீளவில்லை. அவருக்குக் கெட்டது இதயம் இல்லை, மூளை. ரத்த அழுத்தம் தாங்காமல் தலைக்குள் குழாய் வெடித்து, வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். என் பெயரைச் சொல்ல முயல்வார், பாதியில் நிற்கும். அவர் முகத்திலும் புண் இருந்ததில்லை. அவர் பல்லெல்லாம் பத்திரமாக இருக்கிறது.

இன்று என் இதயம் 45 விழுக்காட்டில் ஓடுகிறது. காலையில் எடை பார்ப்பேன், திடீரென்று ஏறினால் நீர் கோக்கிறது என்று பொருள். உப்புக் குறைவு, தண்ணீர் அளவோடு, நான்கு வகை மாத்திரை. அரசாங்க மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் ஒரு முறைக்கு ஐந்து ரிங்கிட்தான், ஆனால் வாழ்நாள் முழுக்க. கனரக லைசென்ஸை விட்டுவிட்டேன். கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். ஒரு பக்கத்து எண்ணை அடுத்த பக்கம் கொண்டுபோவதற்குள் சில நேரம் மறந்துபோகிறது. மாரியம்மன் திருவிழாவில் ஊரே தேர் இழுக்கும்போது நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

எங்கள் பக்கம் இப்போது பல கம்பெனிகள் வாசலில் சிறுநீர்ச் சோதனை வைத்திருக்கின்றன. ரோட் பிளாக்கிலும் வைக்கிறார்கள். கிண்ணத்தில் கோடு தவறாக விழுந்தால் வேலை போகும். அந்த ஆள் அடுத்த வாரமே குறைந்த கூலிக்கு வேறொரு ஒப்பந்தக்காரரின் லோரியில் ஏறுகிறான், அதே மூச்சிரைப்போடு, அதே வீங்கிய காலோடு. அவன் இதயத்தை யாரும் பார்ப்பதில்லை. தானாக வந்து சிகிச்சை கேட்பவருக்கு நம் நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியாது. நான் கேட்பது பெரியதில்லை. அந்தக் கிண்ணத்தை வாங்குகிற கையோடு ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையையும் கட்டுங்கள். படுத்தால் மூச்சு வாங்குகிறதா, படியில் நிற்கிறாயா, சாக்ஸ் கோடு காலில் பதிகிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஆம் என்றால் வேலையை விட்டு அனுப்பும் கடிதத்துக்கு முன்னால் எக்கோவுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். டிரிப்புக்குக் கூலி என்ற கணக்கை மாற்றி, வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்கும் தூங்கும் நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். டிரைவர் தம்பிகளுக்கு: டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.